நிலாவுக்குப் போகாத வழிகளும் என் தறிக்குழியின் மூன்று படிகளும்

என் தொடை எலும்பு உடைந்ததற்குக் காரணம் நிலா. இதை நான் டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் ஓரிக்கைக்கு ஒரு காரியமாகப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலாற்றுப் பக்கம் முழுநிலா எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார் என்று கையை நீட்டிக் காட்டினார். பிரேக் பிடிக்க வேண்டிய கை அது. ரோட்டோரமெல்லாம் மணல். அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. எனக்கு இடது தொடைக்குள் ஒரு கம்பி.

நான் பட்டு நெய்கிறவள். பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாக ஒரே வீடு, ஒரே தறி, ஒரே குழி. என் வீட்டுக்காரரும் நெசவு வீட்டுப் பிள்ளைதான். ஆனால் குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவைப் பிடித்தால் தூங்கிவிடுவார், புத்தகத்தைப் பிடித்தால் தூங்கவே மாட்டார். அதனால் கிளை நூலகத்தில் வேலைக்குப் போய்விட்டார். நல்லதுதான். இரண்டு பேருமே நெய்துகொண்டிருந்தால் எங்களுக்குச் சண்டை போட விஷயமே இருந்திருக்காது.

விழுந்த அன்று தறியில் ஒரு கல்யாணப் புடவை இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. முசரவாக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று சொல்லியிருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கும் முகூர்த்தப் புடவை நெய்தவள் நான்தான். அதே கை வேண்டும் என்று அந்த அம்மா வீடு தேடி வந்து கேட்டிருந்தார். தை மாதக் கடைசியில் கல்யாணம். பாதிக்கு மேல் முடித்திருந்தேன். இன்னும் ஐந்து முழம் பாக்கி.

வேறு ஆளை உட்கார வைத்து முடிக்கக் கூடாதா என்று தறி தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு இழை ஓடிய பிறகும் பலகையை நம் பக்கம் இழுத்து அடித்து அதை நெருக்குகிறோம் அல்லவா, அந்த அடி ஆளுக்கு ஆள் வேறு. கை மாறிய இடத்தில் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குக் கட்டாயம் தெரியும்.

டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் கத்தி. நாற்காலியில் உட்காரலாம், கொஞ்ச நாள் போனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறலாம், இறங்கலாம், தரையில் மட்டும் உட்காரவே கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆறு மாதமாவது ஆகும், அப்புறமும் சொல்ல முடியாது என்றார். குழித்தறியில் நெய்கிறவள் தரையில் உட்கார்ந்துதான் காலைக் குழிக்குள் விட வேண்டும். தரையில் உட்காராதே என்றால் நெய்யாதே என்று அர்த்தம். அந்த ஐந்து முழம் எனக்குப் பெரிதில்லை. அந்த ஐந்து முழத்துக்காக இன்னொருத்தி என் குழியில் உட்கார்ந்துவிட்டால் நான் மறுபடி அதில் உட்காரவே போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. பயந்து போனேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

வீட்டுக்காரர் என்ன செய்வார் பாவம். தினமும் காலையில் நூலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக் காட்டுவது என்று ஆரம்பித்தார். அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தால் அதுவும் நிலா. விழவைத்ததும் நிலா, விழுந்தவளுக்கு மருந்தும் நிலாவா என்று கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் நினைத்தது போல அது நிலாவுக்குப் போன கதை இல்லை. போவதற்கு முன்னால் எப்படிப் போவது என்று அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. வேண்டாம் என்று தள்ளிய வழிகள்தான் புத்தகத்தில் பாதிக்கு மேல். முதல் வழி நேர் வழி. கோபுரம் உயரத்துக்கு ஒரே ராக்கெட்டைக் கட்டி, கிளம்பி, அப்படியே போய் நிலாவில் நிமிர்ந்தபடி இறங்கி, அப்படியே திரும்பி வருவது. கேட்பதற்கு லட்சணமாக இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய ராக்கெட்டை யாரும் கட்டியதில்லை, அதைப் பின்பக்கமாக நிலாவில் இறக்கி நிறுத்தவும் யாருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என்னையும் அப்படியே தூக்கிக் குழியில் இறக்கிவிட்டால் என்ன? விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் அவர் தம்பியும் தம்பி மனைவியும் இருக்கிறார்கள். என் ஓரகத்திதான் என்னோடு நெய்கிறவள். உடலும் கரையும் வேறு நிறமாக வருகிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் உடலுக்கு நாடா விட, அவள் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கு விடுவாள். அவள் வழி காட்ட, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் என் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தறிக்குப் பக்கத்தில் போனதும் தம்பிக்கு லுங்கி அவிழ்ந்துவிட்டது. மானமா மதினியா என்று ஒரு விநாடி யோசித்தார், மானத்தைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாக்கர் மேல் விழப்போனதை என் ஓரகத்திதான் தாங்கிப் பிடித்தாள். நேர் வழி அன்றோடு முடிந்தது.

அடுத்த வழி, பூமிக்குப் பக்கத்திலேயே வானத்தில் வைத்துக் கோப்பது. ஒரே பெரிய ராக்கெட் முடியாவிட்டால் பல சின்ன ராக்கெட்டில் துண்டு துண்டாக ஏற்றி, மேலே சேர்த்துக்கொண்டு, அங்கிருந்து போகலாம் என்றார்களாம். அதைப் படித்த அன்று வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. செங்கல் கொண்டுவந்து குழி விளிம்பில் அடுக்கினார், அதன் மேல் பலகை போட்டார். நான் உட்காருகிற இடம் நாற்காலி உயரத்துக்கு வந்துவிட்டது. காலுக்கு மிதிகட்டை எட்டவில்லை. அதன் மேல் மரத்துண்டு வைத்துக் கட்டினார். வேலை தெரிந்தவர் மாதிரிதான் செய்தார், நானும் மெச்சினேன்.

உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. இரண்டு மிதியையும் வலது காலாலேயே மாற்றி மாற்றி மிதித்தேன். நாடா ஓடியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால்தான் கவனிக்கவில்லை. நாலு விரல் அகலம் நெய்த பிறகு என் ஓரகத்தி நாடாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதே. இது உன் கை மாதிரி இல்ல."

விரலை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். உயரத்தில் உட்கார்ந்ததால் இழை நெருக்குகிற பலகையை மேலிருந்து இழுத்திருக்கிறேன், அடி மெத்தென்று விழுந்திருக்கிறது. பழைய நெசவு முடிந்து புதியது ஆரம்பித்த இடத்தில் சின்னதாக ஒரு இறக்கம். என் கை வேண்டும் என்றுதானே இத்தனை பாடு? காலுக்கு வசதி பண்ணுகிறேன் என்று கையை மாற்றிவிட்டோம். மூன்று பேரும் பிறந்ததிலிருந்து தறியைப் பார்த்தவர்கள், ஒருவருக்கும் இது முன்கூட்டித் தோன்றவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்றார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள் என்றேன். தடவினார். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நாலு விரலையும் இழை இழையாகப் பிரித்து எடுக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது.

அதற்கப்புறம் புத்தகத்தில் ஒரு பகுதியை அவர் தாண்டிவிட்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? பக்கம் புரட்டுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. அவர் நூலகத்துக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஆளை நிலாவுக்கு அனுப்பிவிடுவது. திரும்பி வரும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்வது. அதுவரை சாப்பாடு, தண்ணீர், மூச்சுவிடக் காற்று எல்லாவற்றையும் ஆளில்லாத வண்டிகளில் அனுப்பிக்கொண்டே இருப்பது. இரண்டு மூன்று வருஷம் ஆகலாமாம். அடப்பாவிகளா என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. போவதற்கு ஆள் கிடைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. என்னைக் கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

மறுநாள் அவர் கிளம்பியதும் செங்கல்லையெல்லாம் எடுக்கச் சொன்னேன். ஓரகத்தி மாட்டேன் என்றாள். பேசாமல் செய் என்றேன். முக்காலியில் உட்கார்ந்து, அதிலிருந்து அவள் தோளைப் பிடித்து வழுக்கி, பழைய இடத்தில், வெறும் தரை விளிம்பில் உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சொம்பு, சாப்பாடு, மாத்திரை எல்லாம் பக்கத்தில் வைத்தாயிற்று. சாயங்காலம் வரை எழுந்திருக்கப் போவதில்லை, எழுந்திருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடி சரியாக விழுந்தது. என் அடி. இரண்டு மணி நேரம் நான் ராணி.

மூன்றாவது மணி நேரத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. அப்புறம், சொல்வதற்கு என்ன, ஒன்றுக்கு வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள், நான் உன்னிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது நான் அங்கேயே நனைந்து உட்கார்ந்திருந்தேன், ஓரகத்தி அழுதுகொண்டிருந்தாள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி எடுத்தார், டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

அன்று சாயங்காலமே அவர் முசரவாக்கத்துக் கல்யாண வீட்டுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். மறுநாள் கல்யாணப் பெண்ணின் அம்மா பழமும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உயிர் பொழச்சதே பெருசுமா. யாராச்சும் முடிச்சுக் குடுக்கட்டும். பொடவை பொடவைதானே."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தை பிறக்கும்வரை பொறுங்கள், அதற்குள் தறியில் நான் உட்காரவில்லை என்றால் யாரை வேண்டுமானாலும் உட்கார வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்தினேன். நாலு நாள். அவர் காலையில் புத்தகத்தோடு வந்து உட்காருவார், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் போனதும் நான் எடுத்துப் படிப்பேன்.

மிச்சமிருந்தது கடைசி வழி. அதைச் சொன்ன இஞ்சினியரை எல்லாரும் கேலி பண்ணினார்களாம். அவர் சொன்னது இதுதான். வீடு திரும்பத் தேவையான பெரிய கப்பலை நிலாவில் இறக்கவே வேண்டாம். அது ஒரு ஆளோடு நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும். சின்ன வண்டி ஒன்று மட்டும் இரண்டு பேரோடு இறங்கி, ஏறி வந்து, மேலே அதோடு சேர்ந்துகொள்ளட்டும். குளத்தில் குளிக்கப் போகிறவள் மாற்றுப் புடவையை மேல்படியில் வைத்துவிட்டு இறங்குகிற மாதிரி. அவ்வளவு தூரத்தில், கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லாத இடத்தில், இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பதா என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் விடாக்கண்டன். மேலதிகாரிகளைத் தாண்டி நேரே பெரிய இடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. கடைசியில் அந்த வழியில்தான் போனார்கள். மற்றவர்களெல்லாம் எப்படி இறங்குவது என்று ஆரம்பித்திருந்தார்கள். இவர், ஏறும்போது எது வேண்டும் என்று ஆரம்பித்தார்.

அதற்கடுத்த பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சின்ன வண்டியிலிருந்த நாற்காலிகளைக் கழற்றிவிட்டார்களாம். நின்றபடியேதான் இறங்கினார்களாம்.

நின்றபடியே. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் போனேன். என் குழியின் ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். குழிக்குள் நின்றால், நான் முப்பது வருஷமாக உட்கார்ந்த தரை விளிம்பு எனக்கு நாற்காலி உயரம். எதையும் உயர்த்த வேண்டாம், யாரும் தூக்க வேண்டாம். நான் நின்றபடி உள்ளே போனால் போதும். நாற்காலியில் உட்காரலாம், படி ஏறலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். குழியை இடது பக்கமாக மூன்றடி நீட்டி வெட்டினால் மூன்று படி கட்டலாம். இத்தனை நாள் தரையை ஒரு தெய்வம் மாதிரி தொடாமல் வைத்திருந்தோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் பேசினேன். நாலு நாள் கழித்துப் பேசுகிறாளே என்று அவர் முகம் மலர்ந்தது, என்ன பேசுகிறேன் என்று புரிந்ததும் வாடியது. கார்த்திகை மழையில் யாராவது குழி வெட்டுவார்களா, தண்ணீர் ஊறும், தூசி விழுந்து தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நாசமாகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் நியாயமான பேச்சு. கடைசியில், மறுபடி உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளப் போகிறாயா என்றார்.

"நான் படி கேக்கறது எறங்கறதுக்கு இல்லைங்க," என்றேன். "ஏறி வர்றதுக்கு."

இரண்டு நாள் கழித்து அவரே கொத்தனாரை அழைத்துவந்தார். வீட்டுக்குள் குளம் கட்டப் போகிறீர்களா என்று கேட்ட அந்தக் கொத்தனாரை நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை வாங்கினேன். பாவில் தூசி படாமல் இருக்க வீட்டுக்காரரின் வேட்டிகளை எல்லாம் எடுத்துச் சுற்றிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலும் பேண்ட்தான். வெட்டிய மறுநாள் காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. சொன்னேன் பார்த்தாயா என்று அவர் சொல்லவில்லை, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். வாளியில் மொண்டு ஊற்றினோம். மறுநாளும் ஊறியது, மறுநாளும் மொண்டோம். மழை ஒரு வாரம் விட்டபோது அடியில் காங்கிரீட் போட்டு, செங்கல் வைத்துப் பூசி, சுவரில் ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தார்கள். டாக்டர் வந்து பார்க்கவில்லை, ஆனால் நான் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மார்கழி பாதியில் இறங்கினேன். குழாயைப் பிடித்து, பக்கவாட்டில், மூன்று படி. குழிக்குள் நின்றேன். தறிக்கும் விளிம்புக்கும் நடுவில் நகர்ந்து போய், திரும்பி, என் இடத்தில் உட்கார்ந்தேன். தறி இத்தனை நாள் நின்ற இடத்தில் கோடு விழக் கூடாது என்று இன்னும் ஒரு விரல் அகலம் பிரித்துவிட்டு ஆரம்பித்தோம். ஒரு சாண் போனதும் ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். அப்புறம் அடுத்த நாடாவை விட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்து நின்றேன். நடந்து ஏறி வந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை.

கை கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. மேல்படியில் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மறுநாளும் நின்றார். நூலகத்துக்குப் போக வேண்டிய நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் தடவை நான் ஏறி வருகிறவரை நிற்பார். நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தவர் மாதிரி எதற்கு இப்படிக் காவல் என்று நான் கிண்டல் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

"மேல இருந்தவருக்குத்தான்மா பயம் ஜாஸ்தியாம்," என்றார். "எறங்கினவங்க ஏறலன்னா அவரு மட்டும் தனியா ஊருக்கு வரணும்."

அடுத்த நாளிலிருந்து ஏறி வரும்போது, தேவையில்லாவிட்டாலும், கடைசிப் படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தை பிறந்து பத்தாம் நாள் ஐந்து முழமும் முடிந்தது. புடவையை அறுத்து எடுத்து, கூடத்தில் கோரைப்பாய்களை வரிசையாகப் போட்டு நீளமாக விரித்தோம். மத்தியானம் முசரவாக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கோடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிக்கொண்டே மெதுவாக மறுகோடி வரைக்கும் நகர்ந்து போனார். திரும்பி வந்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நெசவைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். என் கையில் சந்தேகமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புடவையில் சொட்டிவிடாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு தடவினார்.

"எங்கமா இருக்குது?" என்றார். "நீ விழுந்த நாளு எங்க இருக்குது? கெடைக்கலையே."

நாற்காலியிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னால் குனிய முடியாது. அவர் தலை மேல் கையை வைத்தேன்.

"தேடாதீங்க," என்றேன். "அந்த நாளு இந்தப் பொடவையில இல்ல."